முதலில் குரல், பிறகு காட்சி: வாய்மொழி வரலாறு சேகரிக்க மெய்நிகர் கருவியைப் பயன்படுத்தும் முறை

மூத்தவர் ஒருவரிடம் அவர் வளர்ந்த தெருவைப் பற்றியோ வேலை பார்த்த ஆலையைப் பற்றியோ கேட்டால், பலமுறை சொல்லிப் பழகிய கதைதான் முதலில் வரும். அதே மனிதரிடம் அந்த இடத்தின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். "இந்தக் கதவு உள்பக்கமாத் திறக்கும்", "இங்கதான் சைக்கிளச் சாத்தி வைப்போம்" என்று பேச்சு வேறு வகையாகத் தொடங்கும். மானிடவியலாளர் ஜான் காலியர் 1957இல் இதைப் பற்றி எழுதினார்: படம் காட்டி நடத்திய நேர்காணல்கள் நீண்டன, சொல்லப்பட்ட விவரங்களும் துல்லியமாயின. மெய்நிகர் கருவி, அதாவது விஆர், இந்தப் பழைய உத்தியைப் பெரிதாக்கித் தருகிறது. படத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர் இப்போது அதற்குள்ளேயே உட்கார்ந்து நாலாபக்கமும் திரும்பிப் பார்க்கிறார்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படத்துண்டு ஒன்றைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்று கேட்டார்கள். சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். ஒரு வினைச்சொல்லே இவ்வளவு செய்யும் என்றால், ஆளைச் சுற்றிலும் நிற்கும் ஓர் அறை என்னென்ன செய்யும் என்று யோசியுங்கள். நீங்கள் தவறான சுவரில் வைத்த ஜன்னல், அடுத்த மாதம் அவருடைய சொந்த நினைவாகவே வெளியே வரலாம்.

ஆகவே வேலை முழுவதையும் ஒரே வரிசையில் செய்யுங்கள். எந்தக் காட்சியும் இல்லாமல் பேச்சைப் பதிவு செய்வது முதல் படி. இடத்தைப் படமெடுப்பதோ உருவாக்குவதோ அதற்குப் பிறகு. தலையில் மாட்டிக் காட்சியைப் பார்க்கும் விஆர் கருவியான ஹெட்செட் கடைசியில். வரிசை மாறிவிட்டால் எது அவர் நினைவு, எது நீங்கள் காட்டியது என்று பின்னால் பிரித்தெடுக்க வழியில்லை.

எந்தப் பேச்சுக்கு இது உதவும்

பேச்சு ஓர் இடத்தைச் சுற்றி வரும்போது விஆர் உதவும்: இடிக்கப்பட்ட குடியிருப்பு, மூடப்பட்ட பணிமனை, நீரில் மூழ்கிய ஊர், உருமாறிப்போன கடைத்தெரு. உறவுகள், நம்பிக்கைகள், பாட்டு, வழக்காறுகள் பற்றிய பேச்சுக்கு நல்ல ஒலிவாங்கியும் பொறுமையான காதும் போதும். கைத்தொழில் பற்றிக் கேட்கும்போது ஹெட்செட் இடைஞ்சல்தான். தன் கைகளையே பார்க்க முடியாதவரால் அவை செய்ததை எப்படி விளக்க முடியும்? அந்தத் தொழிலின் கருவியைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் மூன்று வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். நினைவைத் தூண்ட விஆர் பயன்படுத்துவது ஒன்று. பேசுபவரை, எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் பதியும் 360 பாகைக் கேமராவில் படம்பிடிப்பது இன்னொன்று. சேகரித்ததை விஆர் காட்சியாகப் பொதுமக்களுக்கு வைப்பது மூன்றாவது. முதலாவது இங்கே விரிவாக வருகிறது. அது ஒழுங்காக நடந்தால் மற்ற இரண்டுக்கும் வேண்டிய பொருள் கையில் இருக்கும்.

வலிப்பு நோய் உள்ளவர், தலைச்சுற்றல் உள்ளவர், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர், இதயமுடுக்கி போன்ற கருவி உடலில் பொருத்தப்பட்டவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. அவர்களுக்கு, அதே 360 படத்தை ஒரு டேப்லெட்டில் திறந்து விரலால் திருப்பிக் காட்டுங்கள். கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி அப்போதும் கிடைத்துவிடும்.

ஆட்களும் கருவிகளும்

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் கேட்பவர். இன்னொருவர் காட்சிகளை மாற்றும் இயக்குபவர். மூன்றாமவர் ஒலியையும், சொல்பவரின் உடல்நிலையையும் கவனிப்பவர். கேட்பவரே கருவியையும் பார்த்துக்கொள்ளும் குழுவில் முக்கியமான வாக்கியம் வரும் நேரத்தில் அவர் ஏதோ ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள். உடையில் குத்தும் சிறு ஒலிவாங்கிகள் இரண்டும், அவற்றைத் தனித்தனித் தடங்களில் பதியும் ரெக்கார்டர் ஒன்றும் தேவை. ஒலி ஆவணங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ சொல்லும் குறைந்தபட்சத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ரெக்கார்டரில் 96 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் அதையே வையுங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 பிறகு பகிர்வதற்கு மட்டும்.

கேமரா, முன்னும் பின்னும் மீன்கண் லென்ஸ் உள்ள சாதாரண 360 கேமரா போதும். ஹெட்செட், கணினி இல்லாமல் தனியே இயங்கும் வகையாக இருக்கட்டும். வயர் தொங்கும் ஹெட்செட் முதியவர்களுக்கு ஆகாது. கழுத்தை இழுக்கும், காலைத் தடுக்கும். எடையையும் பாருங்கள்: மெட்டா குவெஸ்ட் 3 ஏறத்தாழ 515 கிராம். உங்களுக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எண்பது வயதுக் கழுத்துக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்மண்டையில் எடையைச் சமன்செய்யும் கெட்டியான பட்டை வாங்குவது வீண்செலவு அல்ல.

ஒப்புதல் ஒரே கையெழுத்து அல்ல

குரல், முகம், வீட்டின் உட்புறம், ஹெட்செட் அமர்வின் பதிவு, சமூகத்துக்குள் பகிர்தல், இணையத்தில் வெளியிடல், இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்தல். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று படிவத்தில் இடம் விடுங்கள். குரலைத் தரச் சம்மதிக்கும் பலர் வீட்டைத் தரச் சம்மதிக்க மாட்டார்கள். அது நியாயம்தான். 360 கேமராவுக்குச் சட்டகம் என்று ஒன்று கிடையாது. சுவரில் தொங்கும் குடும்பப் படம், மேசைமேல் உள்ள மருந்துச் சீட்டு, கதவிலக்கம், கண்ணாடியில் தெரியும் பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாமே பதிவாகிவிடும்.

வாழ்நாளில் ஹெட்செட்டையே பார்த்திராதவர் அதற்கு ஒப்புதல் தருவது எப்படி? அவர் பேச்சோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்தை, ஒரு கடற்கரையையோ வெட்டவெளியையோ, இரண்டு நிமிடம் ஹெட்செட்டில் காட்டிவிட்டு அதன் பிறகு படிவத்தை எடுங்கள். பழைய இடத்தைப் பழக்கக் காட்சியாகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முதல் அமர்வு தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழியும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும். சில நினைவுகள் தனி மனிதருக்கு மட்டும் சொந்தமல்ல, சமூகம் முழுவதற்கும் உரியவை. அவற்றை யார் எப்போது கேட்கலாம் என்பதைச் சமூகத்தின் பெரியவர்களோடு கலந்து முடிவு செய்யுங்கள். பழங்குடிச் சமூகங்களின் வழக்கப்படி அணுகலை வரையறுக்கவென்றே உருவான முகுர்த்து என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. வயது, பால், குலம் போன்ற வரம்புகளை அதில் அமைக்க முடியும்.

முதல் அமர்வு: காட்சி ஏதும் இல்லாமல்

60 முதல் 90 நிமிடம் வரை ஒதுக்குங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் அணைந்திருக்கட்டும். ஒலிவாங்கி முகவாய்க்கு 15–20 செ.மீ. கீழே வர வேண்டும். நகையும் உடையின் மடிப்பும் அதில் உரசக் கூடாது. உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி அளவை வையுங்கள். அதற்கு மேலே விட்டால் திடீர்ச் சிரிப்பில் ஒலி வெட்டுப்படும், பிறகு மீட்க முடியாது. பேச்சு தொடங்கும் முன் 30 விநாடி யாரும் பேசாமல் அறையின் ஒலியை மட்டும் பதியுங்கள். தொகுக்கும்போது இது தேவைப்படும்.

கேள்விகள் திறந்தவையாக இருக்கட்டும். "வாசல்ல நிக்கிறீங்கன்னு வச்சுக்குங்க, அப்படியே உள்ளே போங்க, என்ன தெரியுது?" என்பது நல்ல தொடக்கம். "உள்ளே ஒரு முற்றம் இருந்ததா?" என்பது கெட்ட தொடக்கம், ஏனென்றால் முற்றத்தை நீங்கள் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். அவர் வாயில் வராத எந்தப் பொருளின் பெயரும் உங்கள் வாயிலும் வரக் கூடாது.

அரைமணி நேரம் கழிந்ததும் ஏ3 அளவு வெள்ளைத்தாளும் தடித்த பேனாவும் கொடுத்து இடத்தை வரையச் சொல்லுங்கள். "எனக்கு வரைய வராது" என்பார்கள். நான்கு கோடு போதும் என்று சொல்லுங்கள். வரைந்துகொண்டே பேசும்போது பதிவு ஓடட்டும். கோணல், அளவுப் பிழை எதையும் திருத்தாதீர்கள். தாளில் தேதியும் நேரமும் எழுதி, அப்போதே படமெடுத்து வையுங்கள். பின்னால் ஹெட்செட்டில் அவர் சொல்லும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள்தான் அடிப்படை.

அளவுகளை மீட்டரில் கேட்டால் ஊகம்தான் கிடைக்கும். உடலை வைத்துக் கேளுங்கள்: கதவு உங்கள் தலைக்கு எவ்வளவு மேலே இருந்தது, கை நீட்டினால் எதிர்ச்சுவர் எட்டுமா, எத்தனை படி ஏறினீர்கள், வாசலில் இருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு? படியின் உயரம் பொதுவாக 15–18 செ.மீ. இருக்கும் என்பதால் படிகளின் எண்ணிக்கையில் இருந்து தளத்தின் உயரத்தை ஓரளவு கணக்கிடலாம்.

அமர்வு முடிந்ததும், தாமாக அவர் சொன்ன ஒவ்வொரு விவரத்தையும் பதிவின் நிமிடக் கணக்கோடு ஒரு பட்டியலாக எழுதுங்கள். இதற்கு 'முன்பட்டியல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதை விட்டுவிடும் குழு ஆறு மாதம் கழித்துத் தன் சேகரிப்பையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடும்.

இடம் இன்னும் இருக்கிறது என்றால்

காணொளி வேண்டாம், நிலைப்படம் எடுங்கள். காரணம் எளிய கணக்கு. 5.7கே காணொளியில் 360 பாகைக்கும் சேர்த்து அகலவாட்டில் 5,760 புள்ளிகள்தான். ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் கண்முன் தெரியும் 90 பாகைக்கு அதில் நாலில் ஒரு பங்கு, 1,440 புள்ளி. கதவின் தாழ்ப்பாள் மங்கிப்போகும். 72 மெகாபிக்சல் நிலைப்படம் தரும் கேமராக்களில் அகலம் ஏறத்தாழ 12,000 புள்ளி. அதே 90 பாகைக்கு 3,000 கிடைக்கிறது. அசைவு இல்லாத குறையை ஒலி நிரப்பிவிடும். அதே இடத்தில் ஐந்து நிமிடச் சூழல் ஒலியைத் தனியே பதிந்துகொள்ளுங்கள். திசையோடு கேட்க வேண்டுமானால் நான்கு தட ஆம்பிசோனிக் ஒலிவாங்கி வேண்டும். முதல் முயற்சிக்கு அது கட்டாயம் இல்லை.

கேமராவை மூன்றுகால் தாங்கியில் வைக்காதீர்கள், விரிந்த கால்கள் படத்தின் அடியில் தெரியும். அடி சிறுத்த ஒற்றைக்கால் தாங்கி நல்லது. உயரம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை. பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். கேமரா மிக உயரத்தில் இருந்திருந்தால் காற்றில் தொங்குவதுபோல் உணர்வார். பேச்சு சிறுவயதைப் பற்றியது என்றால் அதே புள்ளியில் 1 மீட்டர் உயரத்திலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். "இவ்வளவு சின்னதா இருந்திருக்காதே" என்ற பேச்சு வரும்போது அது கைகொடுக்கும்.

எந்தப் பொருளும் கேமராவுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இரண்டு லென்ஸுகளும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. கிட்டத்தில் உள்ள பொருளை அவை இரண்டும் வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால், படங்கள் ஒட்டும் கோட்டில் அந்தப் பொருள் வெட்டுப்பட்டுத் தெரியும். கதவு, தூண், எழுத்து உள்ள பலகை ஆகியவற்றை நேராக ஒரு லென்ஸ் பார்க்கட்டும். ஒட்டும் கோடு வெறும் சுவரின் மேல் விழட்டும். அறைக்கு ஒரு படம் போதாது. 2–3 மீட்டருக்கு ஒன்று எடுங்கள், ஒவ்வொரு வாசற்படியிலும் இரண்டு அறையும் தெரியும்படி கட்டாயம் ஒன்று. ஜன்னல் வெளிச்சமும் உள்ளிருட்டும் சேர்ந்த அறைகளில் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து இணைக்கும் எச்டிஆர் முறையை இயக்குங்கள். படம் எடுக்கும்போது நீங்கள் கதவுக்குப் பின்னால் போய் ஃபோனில் இருந்து பொத்தானை அழுத்துங்கள்.

இடம் இல்லாமல் போயிருந்தால்

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பிளெண்டர் போன்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் இடத்தைக் கட்டலாம். ஆர்வமுள்ள இளைஞர்கள் சுவரின் பூச்சு, ஓட்டின் பாசி, ஜன்னல் வழி வரும் வெயில் என்று அழகு செய்யத் தொடங்குவார்கள். அவர்களை நிறுத்துங்கள். அழகான ஒவ்வொரு விவரமும் சொல்பவரின் நினைவுக்குள் நுழையக் காத்திருக்கும் ஒன்று. சாம்பல் நிறச் சுவர், கதவுக்கும் ஜன்னலுக்கும் வெறும் திறப்பு, தளம், படி, வானம். இவ்வளவு போதும். அறைக்குள் சாமான் எதுவும் வேண்டாம். அவற்றை அவர் வாயால் கொண்டுவந்து வைக்கட்டும்.

சுவர் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: பழைய புகைப்படத்திலோ வரைபடத்திலோ உள்ளது, ஒருவரை ஒருவர் கேட்காமல் இருவர் சொன்னது, ஒருவர் மட்டும் சொன்னது, வேறு வழியின்றி நீங்கள் ஊகித்தது. பண்பாட்டு மரபைக் கணினியில் உருவாக்குவோருக்கான லண்டன் சாசனம் வலியுறுத்துவதும் இதைத்தான்: முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நேர்காணல் நேரத்தில் மட்டும் இந்த நிலைகளை நிறத்தால் காட்டாதீர்கள். 'இது உறுதி' என்று நிறம் சொல்லிவிட்டால் அவர் மறுத்துப் பேசத் தயங்குவார்.

இன்னொரு விதியைக் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முதலாமவர் "கதவு இந்தப் பக்கம்" என்று சொன்னதும் மாதிரியைத் திருத்தி, திருத்திய வடிவத்தையே இரண்டாமவருக்குக் காட்டினால், இரண்டாமவர் சொல்வது சாட்சியம் ஆகாது. முதலாமவரின் எதிரொலி ஆகிவிடும். எல்லோருக்கும் திருத்தாத முதல் வடிவத்தையே காட்டுங்கள். திருத்தங்களைத் தனித்தனிக் கோப்புகளில் எண்ணிட்டு வையுங்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு அவர்களை ஒன்றாக உட்கார்த்தி, முரண்களைப் பெரிய திரையில் காட்டிப் பேசவிடலாம். அந்தப் பேச்சே தனி ஆவணமாக அமையும்.

கையில் இருக்கும் பழம்பொருளை மட்டும் முப்பரிமாணமாக்க வேண்டுமானால் பல படங்களை இணைத்து வடிவத்தை உருவாக்கும் போட்டோகிராமெட்ரி முறை உள்ளது. நிழல் விழாத பரவிய வெளிச்சத்தில், பொருளைச் சுற்றி மூன்று உயரங்களில், அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுங்கள். நூறு படம் வரை ஆகும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் இதில் சரியாக வராது. கேமரா நகர நகர ஒளிப்பிரதிபலிப்பும் நகர்வதால் மென்பொருள் பொதுப் புள்ளிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும். இந்த வேலைக்கான மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

ஹெட்செட் அமர்வு

முதல் அமர்வுக்கும் இதற்கும் இடையே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். முந்தின இரவே ஹெட்செட்டை இயக்கி, மென்பொருள் புதுப்பிப்பு ஏதும் காத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரியவர் வந்து உட்கார்ந்த பிறகு 'புதுப்பிக்கப்படுகிறது' என்று திரையில் வருவது அடிக்கடி நடக்கும் விபத்து.

சொல்பவர் பார்ப்பதை இயக்குபவர் தன் திரையில் பார்க்க ஹெட்செட்டும் டேப்லெட்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பொது அரங்குகளின் வைஃபையில் இது பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பார்கள். சொந்தமாக ஒரு சிறு ரூட்டரைக் கையோடு கொண்டுபோங்கள்.

நாற்காலிக்குச் சக்கரம் கூடாது, கைப்பிடி வேண்டும். பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் இயக்குபவர் காட்சியைத் திருப்பி வைக்கலாம், அவர் கழுத்தைத் திருக வேண்டாம். அறை இருட்டாகவும் இருக்கக் கூடாது, ஹெட்செட்டின் கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் தலையின் அசைவைக் கணிக்கின்றன. ஜன்னலோரம் ஹெட்செட்டைக் கவிழ்த்தோ மல்லாத்தியோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். நேர்வெயில் அதன் லென்ஸில் பட்டால் உருப்பெருக்கிபோல் குவிந்து உள்திரையைச் சுட்டுவிடும், அந்தக் கறை போகாது. லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹால் துடைப்பான் மேற்பூச்சை அரிக்கும். முகத்தில் படும் பஞ்சுக்குக் கழுவக்கூடிய சிலிக்கான் உறை போட்டால் ஆளுக்கு ஆள் துடைத்துவிடலாம்.

மாட்டும் முறையிலும் வரிசை உண்டு. மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு அதற்கான இடைச்சட்டத்தை முதலில் பொருத்துங்கள். கண்ணாடியோடு சேர்த்து முன்புறத்தை முகத்தில் வைத்துவிட்டு, பிறகு பட்டையைப் பின்னால் இழுங்கள். காதுக்கருவி அணிந்தவருக்குப் பட்டை அதை அழுத்தினால் விசில் சத்தம் வரும், பட்டையை மேலே ஏற்றுங்கள். எழுத்து ஏதாவது ஒன்றைக் காட்டி, தெளிவாகத் தெரியும்வரை கண்ணிடைத் தூரத்தைச் சரிசெய்யுங்கள். கையில் கட்டுப்படுத்தியைக் கொடுக்காதீர்கள். பொத்தானைப் பற்றிய கவலை வந்தால் நினைவு போய்விடும்.

காட்சிக்குள் அவரை நகர்த்தாதீர்கள். கண் 'நகர்கிறேன்' என்றும் உட்காது 'அசையவில்லை' என்றும் சொல்லும்போது குமட்டல் வருகிறது. ஒரு புள்ளியில் இருந்து அடுத்ததற்குப் போக, திரையை மெல்ல இருட்டாக்கி, புதுக் காட்சியில் மெல்ல வெளிச்சம் கொண்டுவாருங்கள். போகும் முன், "அம்மா, இப்ப அடுத்த அறைக்குப் போறோம்" என்று வாயால் சொல்லுங்கள். ஒரு சுற்று 10 நிமிடம், அதிகம் போனால் 15. நாளுக்கு இரண்டு சுற்று. கொட்டாவி, வியர்வை, எச்சில் விழுங்குதல், திடீர் மௌனம் ஆகியவை குமட்டலின் முன்னறிகுறிகள். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று அவர் சொன்னாலும் நிறுத்துங்கள்.

ஒலிவாங்கி சட்டையிலேயே இருக்கட்டும். ஹெட்செட்டின் உள் ஒலிவாங்கியை ஆவணத்துக்கு நம்பக் கூடாது, அது சரிபார்க்க மட்டும் உதவும். சூழல் ஒலியை ஹெட்செட்டின் ஸ்பீக்கரில் ஓடவிட்டால் அது அவர் பேச்சோடு கலந்து பதிவாகிவிடும். முதல் சுற்றை ஒலியில்லாமல் நடத்துங்கள். இரண்டாம் சுற்றில் ஒரு காதுக்கு மட்டும் இயர்ஃபோன் கொடுங்கள், மறுகாது உங்கள் குரலுக்கு. பதிவுகளை ஒத்திசைக்க ஒரு சிறு வழி: மூன்று எண்ணி, கைதட்டும் அதே கணத்தில் முதல் காட்சியைத் திறங்கள். ஒலித்தடத்தில் தட்டலும் திரைப்பதிவில் காட்சி மாற்றமும் ஒரே இடத்தில் விழும். முடிவிலும் அப்படியே செய்யுங்கள், ஏனெனில் வெவ்வேறு கருவிகளின் கடிகாரங்கள் மெல்ல விலகிப்போகும்.

கண் பார்க்காத பேச்சைக் கேட்பது

நேரடி நேர்காணலில் கேட்பவரின் தலையசைப்பே பாதிக் கேள்வி. ஹெட்செட் மாட்டியதும் அது காணாமல் போகிறது. பேச்சில் இடைவெளி விழுந்தால், கேட்பவர் எழுந்து போய்விட்டாரோ என்று சொல்பவருக்குச் சந்தேகம் வரும். அதற்காக நீங்கள் வரிக்கு வரி 'உம்' கொட்டினால் பதிவு பாழாகும். முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: "நான் உங்க வலப்பக்கமே உக்காந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன். சத்தம் வரலேன்னா கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்." அவருக்குச் சம்மதம் என்றால் முழங்கையில் லேசாகத் தொடுவதை 'சொல்லுங்கள்' என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இடம் மாறி உட்காராதீர்கள். குரல் திடீரென்று வேறு திசையில் இருந்து வந்தால் திடுக்கிடுவார்.

"இதோ இங்க", "அந்தப் பக்கம்" என்று அவர் கைநீட்டிப் பேசுவார். ஒலிப்பதிவில் அது வெறும் புதிர். வாக்கியம் முடிந்த பிறகு, "ஐயா, கதவுக்கு வலப்பக்கச் சுவரைத்தானே காட்டுறீங்க?" என்று பதிவுக்காகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம்.

தமிழில் வினைமுற்று பெரிய உதவி செய்யும், காட்டியும் கொடுக்கும். "இங்க ஒரு திண்ணை இருக்கு" என்கிறாரா, "இருந்துச்சு" என்கிறாரா என்று கவனியுங்கள். 'இருக்கு' என்றால் அது இப்போது திரையில் தெரிவதா, நினைவில் தெரிவதா? "இது இப்ப கண்ணுக்குத் தெரியுறதா, அப்ப இருந்ததா?" என்று கேளுங்கள். எழுத்துப்படியில் இந்த இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

கேள்விகளில் அதிகம் பலன் தருவது "இங்க எது சரியில்ல?" என்பதுதான். நினைவிருக்கிறதா என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பிழை எது என்று கேட்டால் ஆசிரியராகிவிடுவார்கள்: "ஜன்னல் இவ்வளவு உசரத்துல இல்லப்பா, நான் பெஞ்சுமேல ஏறாமலே எட்டிப் பாப்பேன்." ஜன்னலின் உயரம், பெஞ்சு, சிறுவனின் வளர்த்தி மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன.

அழுகை வரலாம். வன்முறையோ பேரிழப்போ நடந்த இடத்தை, உளநல ஆலோசகரின் துணை இல்லாமல் புதியவர்கள் யாரும் விஆரில் காட்டக் கூடாது. மற்ற இடங்களிலும் ஒரு வீட்டில் எந்த மூலை யாரை நினைவூட்டும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் கையை உயர்த்தினால் உடனே திரை இருட்டாக வேண்டும். இதை முதலிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஹெட்செட்டைப் பிடுங்கிக் கழற்றாதீர்கள். திரை இருண்ட பிறகு, "இப்ப கழட்டலாமா?" என்று கேட்டு, மெல்ல எடுத்து, வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை எழவிடாதீர்கள். அவருக்கு நெருங்கியவர் ஒருவர் அறையில் இருப்பது நல்லது.

கழற்றிய பிறகும் ரெக்கார்டரை நிறுத்த வேண்டாம். அடுத்த 15 நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருங்கள். கண்முன் காட்சி விலகியதும் அவர் தன் போக்கில் சொல்வது, ஹெட்செட்டுக்குள் சொன்னதைவிடக் கோவையாக இருப்பது உண்டு. அன்று உடனே அவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

கோப்புகளை வைக்கும் விதம்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ அரை ஜிபி. அமர்வை 360 காணொளியாகவும் எடுத்தால், நொடிக்கு 100 மெகாபிட் வீதம் மணிக்கு 45 ஜிபி. வாங்கும் வட்டுகளை இதை வைத்துக் கணக்கிடுங்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், ஒரு படி வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும், அது சிதைந்தால் காட்டிக்கொடுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்து எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். மெமரி கார்டை அழிப்பது இரண்டாம் படியைத் திறந்து கேட்ட பிறகுதான்.

எழுத்துப்படி எடுக்க ஒரு மணிப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கு என்றால் இன்னும் கூடும். விஸ்பர் போன்ற தானியங்கி எழுத்துமாற்றி முதல் வரைவுக்கு உதவும், ஆனால் யாரும் பேசாத இடத்தில் பேசியதாக வாக்கியங்களை இட்டுக்கட்டும் பழக்கம் அதற்கு உண்டு. ஒலியோடு ஒப்பிடாமல் ஒரு வரியையும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் மூன்றில் ஒரு குறி தேவை: காட்சிக்கு முன், காட்சியில், காட்சிக்குப் பின். காட்சியில் சொன்னதற்கு அப்போது திரையில் இருந்த படத்தின் எண்ணும் வேண்டும். முன்பட்டியலில் இல்லாமல் காட்சியில் மட்டும் வந்த விவரத்தைத் தனி நிறத்தில் காட்டுங்கள். அது பொய் என்று பொருளல்ல, வேறொரு சாட்சி தேவை என்று மட்டும் பொருள். பேச்சையும் எழுத்தையும் நிமிடக் கணக்கில் இணைத்துத் தேட, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் மையம் உருவாக்கிய ஓஎச்எம்எஸ் என்ற இலவசக் கருவி உள்ளது.

காட்சிகளை ஏதாவது ஒரு நிறுவனத்தின் தளத்தில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021 ஜூன் 30இல் மூடப்பட்டது. ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10இலும் மோசில்லா ஹப்ஸ் 2024 மே 31இலும் மூடப்பட்டன. உங்கள் மூலப்பிரதி எந்தத் தளத்தையும் நம்பாத வடிவங்களில் இருக்கட்டும்: 360 படங்கள் இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் விரித்த டிஃப் அல்லது ஜேபெக், ஒலி வேவ், முப்பரிமாண மாதிரி ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட ஜிஎல்டிஎஃப், எழுத்துப்படி எளிய உரைக்கோப்பு. பானெல்லம், மார்சிபானோ போன்ற கட்டற்ற நிரல்களைக் கொண்டு இந்தப் படங்களையே எந்த உலாவியிலும் சுற்றிப் பார்க்கும்படி அமைக்கலாம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் எல்லாம் திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

எழுத்துப்படி முடிந்ததும் அதை அச்சில், பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு சொன்னவரிடம் போங்கள். படிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீக்கச் சொல்வதை நீக்கி, திருத்தச் சொல்வதை மூலத்தை அழிக்காமல் ஓரக்குறிப்பாகச் சேர்த்து, ஒப்புதல் படிவத்தை மறுபடி ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். பேசியதைக் கேட்ட பிறகு மனம் மாறுபவர்கள் உண்டு. வெளியீட்டுத் தேதியை அந்தச் சந்திப்புக்குப் பிறகு மட்டும் குறியுங்கள்.